அடுத்த ஷோரூம் எங்கே திறக்கலாம்? திருமயத்திலிருந்து ஒரு கணக்கு

பி.காம் இரண்டாம் வருடத்தில் எங்களுக்கு ஒரு அசைன்மெண்ட் கொடுத்தார்கள். பிரபலமான எலெக்ட்ரானிக்ஸ் கடை ஒன்று நகரங்களில் புதுக் கிளைகள் திறக்கப் போகிறது, எங்கே திறக்க வேண்டும், காரணம் கூறுக. நாலு பக்கம். வகுப்பில் பாதிப் பேர் சென்னை, கோவை, மதுரை என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஜனம் அதிகம், காசு அதிகம், ஆகவே கடையும் அங்கேதான். மார்க்கும் விழுந்தது.

ஆனால் அதே கேள்வியைத் திருமயத்தில் உட்கார்ந்து யோசித்தால் வேறு மாதிரித் தெரிகிறது. அசைன்மெண்டில் எழுத இடம் போதாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக் கொள்ளுங்கள்.

திருமயம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்குப் பஸ்ஸில் போனால் பாதி வழியில் பாறை மேல் ஒரு கோட்டை தெரியும். ராமநாதபுரம் சேதுபதி 1687-ல் கட்டியதாகச் சொல்வார்கள். தீரர் சத்தியமூர்த்தி 1887-ல் பிறந்த ஊர். கோட்டை பைரவருக்கு ஒரு தேங்காய் உடைக்காமல் இந்த வழியாகப் போகிற டிரைவர்கள் குறைவு. இதெல்லாம் பெருமைக்கு. நம்ம விஷயத்துக்கு முக்கியமானது தூரம்தான். வடக்கே புதுக்கோட்டை சுமார் 20 கி.மீ. தெற்கே காரைக்குடி, அதுவும் சுமார் 20 கி.மீ.

2024-ல் இந்த இரண்டு ஊரையும் மாநகராட்சி ஆக்கிவிட்டார்கள் (கூடவே நாமக்கல்லும் திருவண்ணாமலையும்). பக்கத்து ஊராட்சிகளையும் சேர்த்து எல்லையை விரித்தார்கள். அதாவது நேற்று வரை இரண்டு டவுனுக்கு நடுவில் இருந்த நாங்கள் இன்று இரண்டு மாநகரத்துக்கு நடுவில் இருக்கிறோம். ரோடு என்னவோ அதே ரோடுதான் :-) ஆனால் ஒரு ஊர் மாநகராட்சி ஆனால் முதலில் ஓடி வருகிறவர்கள் ரியல் எஸ்டேட்காரர்கள், அடுத்து வருகிறவர்கள் ஷோரூம்காரர்கள். பெரிய கடைகளின் கிளைகள் இரண்டு ஊரிலும் ஏற்கெனவே உண்டு. இனி வரப்போகிறவர்கள் எந்த ஊரில், எந்தப் பக்கத்தில் திறந்தால் சரி? என் கேள்வி இதுதான்.

முதலில் கணக்கு. 1931-ல் வில்லியம் ரெய்லி என்ற அமெரிக்கர் சில்லறை வியாபார ஈர்ப்பு விதி என்று ஒன்றை எழுதினார். நியூட்டன் மாதிரியே. நகரம் பெரிதானால் இழுக்கும் சக்தி கூடும். தூரம் கூடினால் குறையும், அதுவும் தூரத்தின் வர்க்கத்தில் குறையும். இரண்டு நகரத்துக்கு நடுவில் ஒரு எல்லைப் புள்ளி இருக்கும், அதற்கு அந்தப் பக்கம் இருப்பவர் அந்த நகரத்துக்குப் போவார், இந்தப் பக்கம் இருப்பவர் இந்த நகரத்துக்குப் போவார்.

2011 கணக்கெடுப்பில் புதுக்கோட்டை நகராட்சி சுமார் 1 லட்சத்து 17 ஆயிரம் பேர். காரைக்குடி நகராட்சி சுமார் 1 லட்சத்து 6 ஆயிரம். (எல்லை விரிந்த பிறகு இரண்டுமே கூடியிருக்கும். கையில் இருக்கும் எண்ணை வைத்துப் போடுகிறேன்.) நடுவில் 40 கி.மீ. என்று வைத்துச் சூத்திரத்தில் போட்டால் எல்லைப் புள்ளி புதுக்கோட்டையிலிருந்து 20½ கி.மீட்டரில் விழுகிறது. கிட்டத்தட்ட எங்கள் கோட்டை வாசல்! ரெய்லி திருமயத்தைப் பார்த்ததே இல்லை, ஆனால் கோடு போட்டது எங்கள் தலை மேல்.

நிஜத்தில் இழுப்பது இரண்டு பேர் மட்டும் இல்லையே. 73 கி.மீ. தள்ளித் திருச்சி உட்கார்ந்திருக்கிறது, 2011-ல் 8 லட்சத்து 47 ஆயிரம் ஜனத்தோடு. மூன்றையும் ஒரே கணக்கில் போட்டுப் பார்த்தேன். திருமயத்தில் நூறு வீடு ஃபிரிட்ஜ் வாங்கினால் புதுக்கோட்டைக்கு 41, காரைக்குடிக்கு 37, திருச்சிக்கு 22 என்று வருகிறது. காகிதக் கணக்குதான். ஆனால் எங்கள் தெருவில் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும் கடை ஸ்டிக்கர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால் (எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு) ரொம்பத் தள்ளி இல்லை.

இதே சூத்திரம் இன்னொன்றும் சொல்கிறது, இதை யாரும் கவனிக்கிற மாதிரித் தெரியவில்லை. திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் கோடு போட்டால் எல்லைப் புள்ளி புதுக்கோட்டைக்கு வடக்கே சுமார் 14 கி.மீட்டரிலேயே விழுந்துவிடுகிறது. கீரனூர் அதற்கு அந்தப் பக்கம். ஆக கீரனூர்க்காரர் திருச்சிக்குத்தான் போவார். அவரை நம்பிப் புதுக்கோட்டையின் திருச்சி ரோட்டுப் பக்கம் கண்ணாடிக் கட்டடம் எழுப்பினால் பிரயோஜனம் குறைவு. தெற்கிலும் மேற்கிலும் பாருங்கள். நமணசமுத்திரம், லேனாவிலக்கு, திருமயம், ராயவரம், அரிமளம், கடியாபட்டி, கோனாப்பட்டு, மேற்கே பொன்னமராவதி. இங்கெல்லாம் புதுக்கோட்டைக்கு எதிரில் திருச்சி அளவுக்கு ஒரு ராட்சசன் கிடையாது. எதிரி காரைக்குடி மட்டும்தான், அதுவும் சம அளவு எதிரி.

அப்படியானால் கூட்டத்தைத் தேடி வடக்கே போகாமல், புதுக்கோட்டையில் திருமயம் சாலை ஊருக்குள் நுழைகிற பக்கத்தில் திறக்க வேண்டும். காரைக்குடியில் திறப்பதானால் வடக்கு முகத்தில், எங்களைப் பார்த்த மாதிரி. அசைன்மெண்டாக இருந்தால் இதோடு முடித்திருக்கலாம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1929-ல் ஹாரல்ட் ஹோட்டலிங் என்ற பொருளாதார நிபுணர் ஒரு கட்டுரை எழுதினார். மெரினாவை வைத்துச் சொன்னால் சுலபம். கடற்கரையில் இரண்டு சுண்டல் வண்டிகள். ஆளுக்கொரு மூலையில் நின்றால் ஜனங்களுக்கு நடை மிச்சம். ஆனால் ஒவ்வொருவரும் அடுத்தவர் கூட்டத்தில் கொஞ்சம் பிடிக்க நகர்ந்து நகர்ந்து கடைசியில் இரண்டு வண்டியும் நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்கும். புதுக்கோட்டை கீழ ராஜவீதியில் கடைகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு இருப்பதற்கும் இதில் பாதிக் காரணம் இருக்கிறது. மீதிப் பாதி நம் ஜனங்கள். ஒரு கடையில் விலை கேட்டு, பக்கத்துக் கடையில் அதைச் சொல்லி, மூன்றாவது கடையில் வாங்குகிற ஆட்கள் நாம். தனியாக ஊருக்கு வெளியே நிற்கிற ஷோரூமில் அந்தச் சுகம் இல்லை.

உண்மைதான். ஆனால் இப்போது முதல் இரண்டு கடையும் போனிலேயே நடந்துவிடுகிறது. மாடல் நம்பரைத் தட்டினால் விலை வருகிறது. நேரில் போவது தொட்டுப் பார்க்கவும், கதவைத் திறந்து மூடிப் பார்க்கவும், "இன்னும் ஒரு ஐநூறு குறைங்க" என்று கேட்கவும்தான். ராஜவீதிகள் திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் நேர் நேராகப் போட்ட தெருக்கள், அழகு. ஆனால் குதிரை வண்டிக்குப் போட்ட தெருவில் ஒரு குட்டி யானையை நிறுத்தி ஃபிரிட்ஜ் ஏற்றிப் பாருங்கள், பின்னால் வரிசையாக ஹாரன் அடிப்பார்கள்.

தூரம் என்பதற்கும் அர்த்தம் மாறிப்போச்சு. ரெய்லி காலத்தில் தூரம் என்றால் மைல். 2021-ல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு, எங்கள் வீடுகளில் தூரம் என்பது டவுன் பஸ் போகிறதா இல்லையா என்பதுதான். அம்மாவும் சித்தியும் மிக்ஸி பார்க்கப் போனால் டிக்கெட் இல்லாத பஸ் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் போவார்கள். கடையில் வீட்டுச் சாமான் எது என்று முடிவு செய்கிறவர்கள் அவர்கள். அப்பா பணம் கட்டும் இடத்தில் மட்டும் வருவார். ஷோரூம்காரர்கள் இடம் தேடும்போது வாடகை விசாரிப்பதற்கு முன்னால் டவுன் பஸ் நேர அட்டவணையை வாங்கிப் பார்ப்பது நல்லது.

இந்தப் பக்கத்துச் சந்தையில் இன்னொரு பழைய சமாசாரம், வெளிநாட்டுச் சாமான். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா போகாத வீடு உள்ள தெரு குறைவு. ஊருக்கு வருகிறவர் பெரிய அட்டைப் பெட்டியில் டிவியோடு வருவது ஒரு காலத்துக் காட்சி. 2013 ஆகஸ்ட் 26 முதல் தட்டை டிவிக்கு இலவச பேக்கேஜ் சலுகையை மத்திய அரசு எடுத்துவிட்டது, 36 சதவீதம் வரி கட்ட வேண்டும் என்று ஆனது. அன்றோடு அந்தப் பெட்டிகள் நின்றன. சம்பாத்தியம் நிற்கவில்லை. அந்தப் பணம் இப்போது இங்கே உள்ளூர்க் கடையில்தான் டிவி ஆகிறது. அதோடு சீர்வரிசை. கல்யாண மாதம் வந்தால் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாம் ஒரே பில். ஒரு கல்யாண வீடு, நகரத்தில் பத்து வாடகை வீட்டுக்குச் சமம். ஒரு ஊரின் ஜனத்தொகையை மட்டும் எண்ணுகிறவருக்கு இது தெரியாது.

சரி, இதுவரை வாங்குகிற நாளைப் பற்றி மட்டும்தான் பேசினேன். எல்லாச் சூத்திரமும் அதைப் பற்றித்தான். ஃபிரிட்ஜ் வாங்குவது ஒரு நாள். வீட்டில் இருப்பது பத்து வருடம். அந்தப் பத்து வருடத்துக்கு யாரிடமும் சூத்திரம் இல்லை.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் இரண்டு மாநகரத்தில் ஒன்றில், ஒரு பெரிய கடையில் வாங்கியது. பெயர் வேண்டாம். நகர எல்லைக்குள் டெலிவரி இலவசம், நாங்கள் வெளியே, அதனால் வண்டி வாடகை 900 ரூபாய் நாங்களே கொடுத்தோம். அது பரவாயில்லை. மூன்றாவது வருடம் சித்திரை மாதம், அக்னி நட்சத்திரத்துக்கு நாலு நாள் முன்னால் நின்றுபோனது. லைட் எரிகிறது, குளிர் இல்லை. கடைக்குப் போன் செய்தால் "கம்பெனி நம்பருக்குப் பண்ணுங்க" என்றார்கள். கம்பெனி நம்பரில் ஒரு இயந்திரக் குரல் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. புகார் எண் வந்தது. 48 மணி நேரத்தில் ஆள் வருவார் என்று மெசேஜும் வந்தது.

ஆள் வந்தது ஒன்பதாவது நாள். திருச்சியிலிருந்து வருகிறார் பாவம், பைக்கில், அந்த வெயிலில். அவரைத் திட்ட மனசு வரவில்லை, அம்மா மோர் கொடுத்தார்கள். திறந்து பார்த்துவிட்டு "போர்டு போயிருக்கும்மா, ஸ்டாக் இல்ல, எழுதிப் போட்டுடுறேன்" என்றார். "எப்ப தம்பி வரும்?" "வந்ததும் போன் பண்ணுவாங்கம்மா." போர்டு வந்து சேர இன்னும் பதினோரு நாள். மொத்தம் இருபது நாள்.

மாவு புளித்தது, காய் வாடியது, அதெல்லாம் சமாளிக்கலாம். எங்கள் அப்பத்தாவுக்கு இன்சுலின். பிரிக்காத பாட்டில்கள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அம்மா அதைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் கொண்டுபோய் வைத்தார்கள். ஊசி போடுகிற பாட்டிலை ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா சொன்னபடி மண்பானைத் தண்ணீரில் ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் வைத்தோம். பக்கத்து வீட்டார் மூன்று நாள் மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போனபோது சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள், இன்சுலினுக்காகவே. அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் சாயந்திரம், "அந்தத் தம்பி வந்தானா?" என்று கேட்கும். அந்த இருபது நாளில் ஃபிரிட்ஜ் எந்தக் கடையில் வாங்கினோம், எவ்வளவு தள்ளுபடி, எதுவும் எங்களுக்கு ஞாபகம் இல்லை. திருச்சி 73 கி.மீ. என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

முன்னால் இப்படி இல்லை என்று அப்பா சொல்வார். எனக்கு அது வெறும் "அந்தக் காலத்துல" பேச்சாகத்தான் பட்டது. யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு காரணம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த வியாபாரம் வளர்ந்ததே தவணையில்தான். வி.ஜி.பி. தவணை முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. அங்கே விற்பனையாளராக வேலை பார்த்த எச். வசந்தகுமார் 1978-ல் சென்னையில் வசந்த் அண்ட் கோ ஆரம்பித்தார், அதுவும் தவணை. 2020-ல் கொரோனாவில் அவர் இறந்தபோது கன்னியாகுமரி எம்.பி. அவர் கடையின் கிளைகள் தமிழ்நாடு முழுக்கப் பரவியிருந்தன. தூத்துக்குடியிலிருந்து சத்யா, வேலூரிலிருந்து டார்லிங் என்று மற்ற ஊர்க்காரர்களும் அவரவர் ஊரிலிருந்து கிளம்பி வளர்ந்தார்கள். 2006-ல் டாடாவின் குரோமா மும்பை ஜூஹுவில் முதல் கடை திறந்து பெருநகரம் பெருநகரமாகப் போனது. நம் ஊர்க் கடைகள் போன பாதை வேறு, மாவட்டத் தலைநகர், அடுத்த தாலுகா என்று.

தவணை என்றால் என்ன? கடைக்காரருக்கும் நமக்கும் மாதா மாதம் ஒரு முகம் பார்க்கிற உறவு. பாதிப் பணம் இன்னும் நம் கையில். டிவி ஓடவில்லை என்றால் "வந்து பாத்துட்டு தவணையை வாங்கிக்கங்க" என்று சொல்ல முடியும். அதனால் கடை எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு இயற்கையான அளவு இருந்தது: வசூல் பண்ண ஆள் போய்த் திரும்பக்கூடிய தூரம்.

இப்போது இஎம்ஐ. பைனான்ஸ் கம்பெனி கடைக்காரருக்கு மொத்தப் பணத்தையும் கொடுத்துவிடுகிறது. நம் வங்கிக் கணக்கிலிருந்து மாதா மாதம் அதுவே எடுத்துக்கொள்கிறது. ஃபிரிட்ஜ் ஓடினாலும் எடுக்கும், ஓடாவிட்டாலும் எடுக்கும். (அந்த இருபது நாளில் எங்களுக்கு ஒரு தவணை கரெக்டாகப் போனது!) ரிப்பேர் கம்பெனி தலையில். ஆக கடைக்கு நம் வீடு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய தேவையே போய்விட்டது. அதனால்தான் "எங்கே திறக்கலாம்" என்ற கேள்வியும் "எங்கே விற்கலாம்" என்று சுருங்கிவிட்டது. என்னைப் பொறுத்தவரை கோளாறு தொடங்கிய இடம் இதுதான்.

அமெரிக்காவில் சாம் வால்டன் 1962-ல் முதல் வால்மார்ட்டை ராஜர்ஸ் என்ற சின்ன ஊரில் திறந்தார். மற்றவர்கள் எட்டிப் பார்க்காத சின்ன ஊர்களில் திறந்தே வளர்ந்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் பாதிதான் விஷயம். தன் குடோனிலிருந்து ஒரு நாளில் லாரி போய்ச் சேரும் தூரத்துக்குள்தான் கடைகளை வைத்தார். முதலில் குடோன், அதைச் சுற்றி வட்டம், வட்டத்துக்குள் கடை. நம் ஆட்கள் "சின்ன ஊரில் திற" என்பதை எடுத்துக்கொண்டு வட்டத்தை விட்டுவிட்டார்கள். அவருக்கு லாரி என்றால் நமக்கு சர்வீஸ் ஆளின் பைக். காலையில் கிளம்பி நாலு வீடு பார்த்துச் சாயந்திரம் வீட்டுக்குத் திரும்புகிற தூரம் 25 கி.மீ. என்று வைத்தால் புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வட்டத்துக்குள், திருச்சியிலிருந்து இல்லவே இல்லை.

அப்படியென்றால் திருமயத்திலேயே ஷோரூம் திறக்கச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. பெல் தொழிற்சாலை இருக்கிறது, தாலுகா ஆபீஸ் இருக்கிறது, பஜார் இருக்கிறது, இருந்தாலும் ஒரு மூன்று மாடி ஷோரூமின் வாடகைக்கும் ஏசி கரண்டுக்கும் சம்பளத்துக்கும் எங்கள் ஊர் வியாபாரம் தாங்காது. தீபாவளிக்கும் கல்யாண மாதத்துக்கும் நிறையும், மீதி நாள் விற்பனையாளர்கள் ஈ ஓட்டுவார்கள். இரண்டு வருடத்தில் மூடிவிடுவார்கள். அதற்குள் பஜாரில் இருக்கும் சின்னக் கடைகளை முடித்திருப்பார்கள். பெரியதும் போய்ச் சின்னதும் போய், மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்கக்கூட டவுனுக்குப் போக வேண்டி வரும்.

பஜாரில் அப்படி ஒரு கடை வைத்திருக்கும் மாமாவிடம் இதைப் பேசினேன். ஃபேன், மிக்ஸி, ஸ்டெபிலைசர், குக்கர் விற்கிறார். பின்னால் ஒரு பெஞ்சில் ரிப்பேர். ஃபிரிட்ஜும் ஒன்றிரண்டு வாசலில் நிற்கும், பெரிய கடையை விட ஆயிரம் இரண்டாயிரம் விலை கூட, கம்பெனியிலிருந்து நேராக அவருக்கு வருவதில்லை. ஆனால் நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுப்பார்.

"மாமா, பெரிய கடை இங்கயே வந்தா என்ன பண்ணுவீங்க?"

"நான் என்ன பண்றது, ஜாருக்கு பிளேடு மாத்திக்கிட்டு இருப்பேன். தம்பி, ஃபிரிட்ஜை வித்தா எனக்கு ஆயிரம் நிக்கும். அது நின்னு போச்சுன்னா கம்பெனிக்காரன் வர்ற வரைக்கும் என் கடை வாசல்லதான் வந்து நிப்பாங்க. டவுன்ல வாங்குனவங்களும் இங்கதான் வந்து நிக்கிறாங்க, அதான் வேடிக்கை."

"வந்தா பாத்துக் கொடுப்பீங்களா?"

"வாரண்டி ஸ்டிக்கரை நான் பிரிச்சா வாரண்டி போச்சு. அதுக்கு பயந்துக்கிட்டே தொடுறதில்ல. போர்டை மட்டும் என்கிட்ட கொடுத்து வைக்கச் சொல்லு, அரை மணி நேர வேலை."

அரை மணி நேர வேலை! நாங்கள் இருபது நாள் காத்திருந்தது இதற்குத்தான்.

ஆக என் யோசனை இது. கடை புதுக்கோட்டையில், தெற்குப் பக்கம், டவுன் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில். காரைக்குடியை விட்டுப் புதுக்கோட்டை ஏன் என்றால், தாசில்தார் ஆபீஸ் தவிர மற்ற எல்லாத்துக்கும் (கலெக்டர் ஆபீஸ், கோர்ட், 2017-ல் வந்த மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி) எங்கள் ஜனம் ஏற்கெனவே அங்கேதான் போகிறது, ஒரு பஸ்ஸில் இரண்டு வேலை ஆகும். காரைக்குடிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், துணிக்கும் நகைக்கும் நாங்கள் அங்கேதான் வருவோம். கடையோடு ஒரு சர்வீஸ் பிரிவு, கம்பெனிகளிடம் பேசி அங்கீகாரம் வாங்கி, அதிகம் போகிற பத்துப் பதினைந்து பாகங்களை அலமாரியில் வைத்து. 25 கி.மீ. வட்டத்தின் ஓரங்களில், அதாவது திருமயம், அரிமளம் மாதிரி ஊர்களில், புதுக் கடை கட்டாமல் ஏற்கெனவே இருக்கும் சின்னக் கடைக்காரர்களையே பிடித்துப் பயிற்சி கொடுத்து, பாகம் கொடுத்து, ஒவ்வொரு ரிப்பேருக்கும் கூலி கொடுத்து. விற்பனைக்கும் அவர் மூலமாக ஆர்டர் வந்தால் ஒரு கமிஷன். அவருக்கு ஆயிரத்துக்குப் பதில் எழுநூறு நிற்கட்டும், ஆனால் மாதத்தில் ஒன்றுக்குப் பதில் ஐந்து நிற்கும்.

"இதெல்லாம் செலவு இல்லையா? கடைக்காரர் என்ன தர்மமா பண்றார்?" என்று என் வகுப்பு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. சின்னதாக ஒரு கணக்கு சொன்னேன். விலை எல்லா இடத்திலும் ஒன்று ஆகிவிட்டது, போனில் தட்டினால் தெரிகிறது. 2025 செப்டம்பர் 22-ல் ஏசிக்கும் பெரிய டிவிக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனபோது எல்லாக் கடையும் ஒரே நாளில் ஒரே விலையைக் குறைத்தது. ஆன்லைனில் வாங்கினாலும் அதே விலைதான். அப்புறம் எதை வைத்து ஒரு கடை என்னை இழுக்கும்? எல்லைக்கோட்டில் நிற்கிற திருமயத்துக்காரனை இந்தப் பக்கம் சாய்க்க 500 ரூபாய் தள்ளுபடி போதாது, அடுத்த கடை 600 கொடுப்பான். "நின்னு போனா மூணு நாள்ல சரி பண்ணிக் கொடுப்போம், உங்க ஊர் பஜார்லயே ஆள் இருக்கு" என்று ஒருவர் சொன்னால் 41 வீடு என்பது 60 வீடு ஆகும். அப்பத்தா மாதிரி ஆள் இருக்கிற வீடெல்லாம் அந்தக் கடைக்குத்தான் போகும், ஆயிரம் ரூபாய் கூட இருந்தாலும்.

நண்பன் அதற்கு, "அந்த 60 உன் கற்பனை" என்றான். ஆமாம், கற்பனைதான். ஆனால் தெருவில் நடந்து விசாரித்தால் கிடைக்கக்கூடிய எண். இடம் தேடுகிறவர்கள் வாடகை ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் ஒரு ஆளை அனுப்பித் திருமயத்தில் ஐம்பது வீட்டில் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "போன தடவை ரிப்பேர் ஆனப்போ எத்தனை நாள் ஆச்சு?" எங்கள் வீட்டுக்கு வந்தால் மோரும் உண்டு.